ஜே.பி. லெனோர் யார்? எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

கடைசிபஸ் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் ப்ளூஸ் பாடகர் ஜான் மேயால் இறந்த செய்தியைப் பார்த்ததும் அவருடைய பழைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்ப பஸ்ஸில் நாற்பது நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம் என்று வைத்துக்கொண்டேன். 1967-இல் வந்த 'க்ரூசேட்' ஆல்பத்துக்கு வந்ததும் ஒரு பாட்டைத் தாண்டிப் போகவே முடியவில்லை. 'தி டெத் ஆஃப் ஜே.பி. லெனோர்'. வீட்டு மனிதரைப் பறிகொடுத்தவர்போல மேயால் அதில் பாடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து வந்த 'தி டர்னிங் பாயின்ட்' ஆல்பத்திலும் அதே மனிதருக்காக இன்னொரு பாட்டு இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், பி.பி. கிங் எல்லாம் தெரியும். இந்தப் பெயர் மட்டும் என் காதில் விழுந்ததே இல்லை. இங்கிலாந்தில் இருந்த ஒருவர் இரண்டு பாட்டு கட்டி அழுதிருக்கிறார் என்றால் அந்த மனிதர் யார்? எப்படி இறந்தார்? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை.

இசைத்தட்டு78 எழுதியது:

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்துப் பலர் பிரெஞ்சுப் பெயர் மாதிரி 'லெனுவார்' என்கிறார்கள். 'லெனோர்' என்பதுதான் சரி. ஜே.பி. என்பதற்கும் விரிவு கிடையாது. வீட்டில் வைத்த பெயரே அந்த இரண்டு எழுத்துதான்.

'மம்மா டாக் டு யுவர் டாட்டர்' பாட்டில் ஆரம்பியுங்கள். 1954-இல் பாரட் என்ற சிகாகோ இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு செய்தது. அவர் பாட்டுகளில் ஹிட் பட்டியலில் ஏறிய ஒரே பாட்டு என்றே சொல்லலாம். சாக்ஸபோன் பின்னால் உறும, கிட்டார் ஒரே சீராக உருட்டிக்கொண்டு போகும். கால் தானாகத் தாளம் போடும். குரலைக் கேட்டுப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவு உச்சத்தில் இருக்கும். மேடைக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு வருவார். நம்மில் பலருக்கு அவர் முகத்தைவிட அந்தக் கோட்டுதான் முதலில் ஞாபகம் வரும்.

சோளக்காட்டுரயில் எழுதியது:

தம்பி, இந்தக் கேள்விக்காக எத்தனையோ நாளாகக் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மேற்படிப்புப் படித்தது இல்லினாய் பல்கலைக்கழகத்தில். ஷாம்பெய்ன், அர்பானா என்று ஒட்டிப் பிறந்த இரண்டு ஊர்கள். எந்தப் பக்கம் பத்து நிமிடம் வண்டி ஓட்டினாலும் சோளக்காடு வந்துவிடும். வெளிநாட்டு மாணவர்கள் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவும் வேலை. மாணவர்கள் வைத்துவிட்டுப் போகும் ட்ரேக்கள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். மிச்சத்தைத் தள்ளி, தட்டை அடுக்கி, இயந்திரத்துக்குள் விட வேண்டும். மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். முதல் வாரம் விரல் நுனியெல்லாம் சிவந்து எரிந்தது. எங்கள் ஷிஃப்டில் கறுப்பினப் பெரியம்மா ஒருவர் இருந்தார். "நடுவில் பிடிக்காதே, ஓரத்தில் பிடி, இரண்டு எண்ணிவிட்டுத் தூக்கு" என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

கடைசி செமஸ்டரில்தான் லெனோரின் பாட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. பாட்டை வைத்துப் பிழைக்க முடியாமல் போன காலத்தில் அவர் வேலை பார்த்தது ஷாம்பெய்னில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சமையல்கூடத்தில். நான் அதைப் படித்துக்கொண்டிருந்ததே அதே வளாகத்தின் சமையல்கூடத்துக்குப் பின்வாசல் படியில், ஈர ஏப்ரனோடு, பதினைந்து நிமிட இடைவேளையில். அன்றைக்கு மிச்ச ஷிஃப்ட் எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். 1929 மார்ச் 5, மிசிசிப்பி மாநிலத்தில் மான்டிசெல்லோ பக்கம் பிறந்தார். கிட்டாரை அப்பாவிடம் கற்றுக்கொண்டார். இளவயதில் நியூ ஆர்லியன்ஸில் இருந்தபோது சன்னி பாய் வில்லியம்சன், எல்மோர் ஜேம்ஸ் போன்ற பெரிய கைகளோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். 1949-இல் சிகாகோ. அங்கே மூத்த ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்சி கைதூக்கிவிட்டார். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, ராத்திரியில் கிளப்பில் பாட்டு. இதுவரைக்கும் அந்தத் தலைமுறையில் நூறு பேருக்கு இருக்கும் கதைதான்.

அவர் என்ன பாடினார் என்பதில்தான் அவர் தனியாகத் தெரிகிறார். ப்ளூஸில் கோபத்தை மறைத்துத்தான் சொல்வார்கள். தோட்ட முதலாளியைத் திட்ட வேண்டுமென்றால் காதலியைத் திட்டுவதுபோலப் பாட்டு கட்டுவார்கள். நேராகச் சொன்னால் உயிர் போகும் ஊரில் அதுதான் வழி. லெனோர் பெயர் சொன்னார். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தபோதே 'கொரியா ப்ளூஸ்' பாடினார். 1954-இல் நாட்டின் ஜனாதிபதி பெயரையே தலைப்பில் வைத்து 'ஐசன்ஹோவர் ப்ளூஸ்'. கையில் இருந்த காசெல்லாம் வரியாகப் போய்விட்டது, வாடகைக்கு என்ன செய்வேன் என்பதுதான் பாட்டின் சாரம். வேலை போய்க்கொண்டிருந்த வருஷம் அது, கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வரியும் புரிந்திருக்கும். சர்ச்சை கிளம்பியதும் கம்பெனி அந்த இசைத்தட்டைத் திரும்பப் பெற்று, வார்த்தையை மாற்றி, 'டாக்ஸ் பேயிங் ப்ளூஸ்' என்று வெளியிட்டது. மெட்டு அதேதான், ஜனாதிபதி மட்டும் காணாமல் போனார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்த வார்த்தைக்குப் பயந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் பத்து வருஷம் தேய்மானம். சின்னச் சின்னக் கம்பெனிகள், அதுவும் இதுவுமாகச் சில பதிவுகள். ஆப்பிரிக்கத் தாளத்தில் ஆர்வம் வந்து 1963-இல் அதை ஒரு பதிவில் முயன்றும் பார்த்தார், விற்கவில்லை. நான் சொன்ன அந்தச் சமையல்கூட வேலை பார்த்ததும் அந்த வருஷங்களில்தான்.

அவரைத் திரும்ப ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தவர் சிகாகோவின் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன். 1965 மே மாதம், சிகாகோ. 'அலபாமா ப்ளூஸ்' ஆல்பம். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்னால்தான், மார்ச் 7 அன்று, அலபாமாவின் செல்மா ஊரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பாலத்தின் மேல் போலீஸ் அடித்து நொறுக்கியது. அந்த மாநிலத்துக்கே இனித் திரும்பமாட்டேன் என்று லெனோர் பாடுகிறார். அங்கே என் சகோதரனையும் சகோதரியையும் கொன்றார்கள், கொன்றவர்களை உலகம் சும்மா விட்டுவிட்டது என்கிறார். சாக்ஸபோன் இல்லை, பியானோ இல்லை. அவருடைய சாதாரண மரக் கிட்டார், சில பாட்டுகளில் ஃப்ரெட் பிலோவின் டிரம்ஸ், ஒன்றிரண்டில் டிக்சனின் குரல் பின்னணியில். பிலோ சிகாகோவின் முதல்தரமான டிரம்மர், எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு வாசித்தவர். இங்கே பாட்டுக்கு மேல் ஒரு அடிகூட விழாமல் வாசிக்கிறார். இவ்வளவு பயங்கரமான சேதியைச் சொல்லும்போதும் லெனோர் கத்தமாட்டார். அந்த உச்சக் குரல் தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும். கேட்கிறவருக்கு முதலில் இனிமைதான் பிடிபடும், அடுத்த நொடிதான் வார்த்தை உள்ளே போகும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்ஸ்ட் லிப்மன், ஃப்ரிட்ஸ் ராவ் என்ற இரண்டு பேருக்காகப் பதிவான ஆல்பம் இது, வெளிவந்ததும் ஐரோப்பாவில்தான். அமெரிக்காவில் அப்போது வெளியிட ஆள் இல்லை. அலபாமாவைப் பற்றி, சிகாகோவில் உட்கார்ந்து, அமெரிக்கர் ஒருவர் பாடியதை ஹாம்பர்க்கிலும் லண்டனிலும் கேட்டார்கள், அவருடைய சொந்தத் தெருவில் கேட்க வழியில்லை. எத்தனை தடவை நினைத்தாலும் இது எனக்கு ஆறவில்லை. அவர் பெயர் உங்களுக்கு ஏன் எட்டவில்லை என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான். கேட்க வேண்டியவர்கள் கேட்க முடியாத இடத்தில் இசைத்தட்டு வந்தது.

அதே 1965-இல் ஐரோப்பா சுற்றிய ப்ளூஸ் குழுவில் அவரும் போனார். பட்டி கை, பிக் மாமா தார்ன்டன், ஃப்ரெட் மெக்டவல் எல்லாம் கூட இருந்தார்கள். அடுத்த வருஷம் ஜூன் 6, மிசிசிப்பியில் கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் மெரடித் தனியாளாகத் தொடங்கிய நடைப்பயணத்தின் இரண்டாவது நாள் அவரைச் சுட்டார்கள். அந்த வருஷமே லெனோர், மெரடித்தின் பெயரையே வைத்துப் பாட்டு பதிந்தார். 'வியட்நாம் ப்ளூஸ்' பாட்டில் ஜனாதிபதியைப் பார்த்தே கேட்கிறார்: இங்கே எங்களைக் கொன்றுகொண்டிருக்கும்போது உலகத்துக்குச் சமாதானம் வேண்டும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

'டவுன் இன் மிசிசிப்பி' என்று ஒன்று இருக்கிறது. அங்கே முயல் வேட்டைக்குக்கூட மாதம் உண்டு, கெடு தாண்டிச் சுட்டால் ஜெயில். என்னைச் சுட மட்டும் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும், ஜாமீனும் தேவையில்லை. இவ்வளவுதான் அதன் பொருள். 2007-இல் பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் இதைத் திரும்பப் பாடினார், அதையும் கேளுங்கள். ஆனால் முதலில் இவருடையது.

1967 ஏப்ரலில் கார் விபத்து. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 29 அன்று, அர்பானாவில் இறந்தார். 38 வயது. விபத்துக்குப் பிறகு அவருக்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்றுதான் சொல்லப்படுகிறது. இரண்டு வருஷம் நான் தினமும் சைக்கிளில் போய்வந்த ஊர் அது. அவர் பெயரை யாரும் சொல்லி ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

வார்டுஅக்கா எழுதியது:

ப்ளூஸ் எனக்குப் புதிது. என் தம்பி இந்தப் பக்கத்தைக் காட்டினான். அந்த மூன்று வாரம் என்ற வார்த்தையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு வருஷமாக விபத்துப் பிரிவில் நர்ஸ் நான்.

வெளிக்காயம் இருப்பவரைப் பற்றி எங்களுக்குப் பெரிய பயம் இல்லை, ரத்தம் கண்ணுக்குத் தெரியும். நடந்து வந்து, "லேசா வயிறு வலிக்குது, அவ்ளோதான்" என்று சொல்பவரைத்தான் விடமாட்டோம். உள்ளே மண்ணீரலில் சின்னக் கிழிசல் இருந்தால் ரத்தம் கசிந்து அங்கேயே கட்டி நிற்கும். சில நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் கட்டு உடையும். அதனால்தான் மணிக்கு ஒரு தடவை நாடி பார்ப்போம். பிரஷர் இறங்குவதற்கு முன்னாலேயே நாடி ஏறத் தொடங்கிவிடும். கண் இமையைக் கீழே இழுத்து வெளுப்பைப் பார்ப்போம். இடது தோள் வலிக்கிறதா என்று கேட்போம். அடிபட்டது வயிறாக இருந்தாலும் வலி தோளில் தெரியும்.

லாரி கிளீனர் பையன் ஒருவனை வேறொரு இடத்தில் பாண்டேஜ் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே இரண்டு லிட்டர் ரத்தம். பிழைத்துவிட்டான், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான்.

லெனோருக்கு நடந்ததும் இதுவேதான் என்று முடிவு கட்ட நான் யார். ஆனால் விபத்தில் அடிபட்டவர் மூன்று வாரம் உயிரோடு இருந்தார் என்றால், பார்ப்பதற்கு மூன்று வாரம் நேரம் இருந்தது என்று அர்த்தம். முப்பத்தெட்டு வயதுக்காரர். எனக்குத் தாங்கவில்லை.

இசைத்தட்டு78 எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் மேயால் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது.

கடைசிபஸ்ஸுக்கு இன்னொரு தகவல். ஜெர்மன் இயக்குநர் விம் வென்டர்ஸ் 2003-இல் 'தி சோல் ஆஃப் எ மேன்' என்று ஒரு படம் எடுத்தார். ஸ்கிப் ஜேம்ஸ், ப்ளைண்ட் வில்லி ஜான்சன், லெனோர் ஆகிய மூன்று பேரைப் பற்றியது. சுவீடனைச் சேர்ந்த ஒரு பெண்ணும் அவர் கணவரும் அறுபதுகளில் லெனோரைக் கலரில் படம்பிடித்து வைத்திருந்தார்கள், அந்தக் காட்சிகள் இதில் வருகின்றன. வரிக்குதிரைக் கோட்டை அசையும் படமாக நான் பார்த்தது அதில்தான். அவர் சிரிப்பதையும் பார்க்கலாம். இப்படிப்பட்ட பாட்டுகளைக் கட்டியவர் அவ்வளவு மலர்ந்து சிரிக்கிறார். 2011-இல் ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். இறந்து 44 வருஷம் கழித்து.

கடைசிபஸ் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கேட்டேன். மம்மா பாட்டில் தொடங்கினேன், நன்றாக இருந்தது. அப்புறம் 'ஐசன்ஹோவர்', 'டாக்ஸ் பேயிங்' இரண்டையும் சொன்னபடி அடுத்தடுத்து. என் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு கேட்கவேண்டிய பாட்டு. 'அலபாமா ப்ளூஸ்' வரும்போது பஸ்ஸில் நான்கு பேர்தான் மிச்சம். முயல் பாட்டை மூன்று தடவை திரும்பப் போட்டேன், என் ஸ்டாப்பைத் தவறவிட்டு அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தேன்.

காலையில் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டபோது, "யார் இந்த அம்மா பாடுறது?" என்று கேட்டாள் என் மகள். அவளுக்கு எட்டு வயது. ஆண்தான் என்று சொன்னேன், நம்பவில்லை. எதைப் பற்றிப் பாடுகிறார் என்று கேட்டாள். முயல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

ஒரு கேள்வி. சோளக்காட்டுரயில் அண்ணா, உங்கள் பெயரில் ரயில் எதற்கு?

சோளக்காட்டுரயில் எழுதியது:

நல்ல கேள்வி. ஷாம்பெய்ன் வழியாக இரவு ஒரு ரயில் தெற்கே போகும். சிகாகோவில் கிளம்பி நியூ ஆர்லியன்ஸ் வரை. 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' என்று பெயர். மிசிசிப்பிக்குள் ஜாக்சன் தாண்டி ப்ரூக்ஹேவன் என்ற ஊரில் நிற்கும். அங்கிருந்து மான்டிசெல்லோ சுமார் 20 மைல்தான். பருத்திக்காட்டை விட்டு வடக்கே சிகாகோவுக்கு வந்த லட்சக்கணக்கான கறுப்பின மக்களைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தத் தடம். லெனோர் பிறந்த இடம், பேர் வாங்கிய நகரம், தட்டு கழுவும் ஊர் என்று எனக்குத் தெரிந்த அந்த ஊர், மூன்றும் ஒரே இருப்புப் பாதையில் கோத்ததுபோல இருக்கின்றன.

முயல் பாட்டைப் பற்றி எழுதினீர்களே, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பின்வாசல் படியில் அவரைப் பற்றிப் படித்த மறுவாரம், இடைவேளையில் பெரியம்மாவிடம், "இதைக் கொஞ்சம் கேட்கிறீர்களா?" என்று போனை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்க இயர்போனை வாங்கிக் காதில் வைத்தார். இன்னொன்று என் காதில். 'டவுன் இன் மிசிசிப்பி'. முதல் வரியிலேயே தலை லேசாக ஆடத் தொடங்கியது. வேட்டை மாதம் என்று வரும் இடத்தில் ஆட்டம் நின்றது. பாட்டு முடியும்வரை எதிரே இருந்த குப்பைத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் இது?" என்றார். பெயரைச் சொன்னேன். இங்கேதான் சமையல்கூடத்தில் வேலை பார்த்தாராம் என்றும் சொன்னேன். "இங்கேயா?" என்று தரையைக் காட்டினார். ஆமாம் என்றேன். இந்தக் கட்டடமா வேறு கட்டடமா என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

தன் அப்பாவும் அம்மாவும் அந்த ரயிலில்தான் வந்தார்கள் என்றார். வரும்போது அம்மாவின் வயிற்றில் தன் அண்ணன் இருந்தானாம், செருப்பு டப்பாவில் பொரித்த கோழியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்தார்களாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இயர்போனைத் திருப்பித் தராமல், "இன்னொரு தடவை போடு" என்றார். இடைவேளை முடிந்து மணி அடித்தது. பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே போனோம்.